வேரைத் தோண்டாமல் மின்சாரத்தால் அளப்பது: மின்தேக்குத்திறன் எதைக் காட்டுகிறது?

கேள்வி

வணக்கம். தொட்டிகளில் வளரும் மக்காச்சோளச் செடிகளின் வேர்வளர்ச்சியை, ஒரே செடியில் வாரக்கணக்கில் தொடர்ந்து கவனிக்க விரும்புகிறேன். வேரைக் கழுவி எடைபார்த்தால் அச்செடியின் கதை அத்துடன் முடிந்துவிடும் என்பதால், தண்டின் அடியில் ஒரு மின்முனையையும் மண்ணில் ஒரு துருப்பிடிக்காத எஃகுக் கம்பியையும் பொருத்தி, எல்.சி.ஆர். மீட்டர் என்ற மின்னளவுக் கருவி கொண்டு 1 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் மின்தேக்குத்திறனை, அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறனை, அளந்து வருகிறேன்.

நீர் ஊற்றி வடிந்த பின் எடுத்த அளவுகள், பிறகு பிடுங்கிக் கழுவிய செடிகளின் வேர் எடையோடு ஓரளவு ஒத்துப்போயின. ஆனால் மண் காய்ந்த நாள்களில், செடி முன்னிலும் பெரிதாகியிருக்கும்போதே அளவு வெகுவாகச் சரிந்துவிடுகிறது. வேர் அந்த அளவுக்குக் குறைந்திருக்க வழியில்லை. அப்படியானால் கருவி காட்டுவது வேரையா, மண்ணின் ஈரத்தையா? இம்முறையை விட்டுவிட்டு, மண்ணின் மின்தடையைப் பல முனைகளால் அளந்து படமாக்கும் மின்தடைப் படவரைவுக்கு மாறுவது நல்லதா?

மறுமொழி 1

இரண்டையும் சேர்த்தே காட்டுகிறது என்பதுதான் நேர்மையான விடை. செல் சவ்வு மிக மெல்லிய மின்காப்புப் படலம். அதன் இருபுறமும் அயனிகள் நிறைந்த நீர்மம் இருப்பதால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 மைக்ரோஃபாரட் அளவுக்கு அது மின்னூட்டத்தைத் தேக்குகிறது. வேர் பெருகப் பெருகச் சவ்வுப் பரப்பும் பெருகும் என்ற எண்ணத்தின் மேல்தான் இம்முறை நிற்கிறது. செக் நாட்டு ஆய்வாளர் க்லௌபெக் 1972-இல் மின்தேக்குத்திறனுக்கும் வேரின் அளவுக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார். 1995-இல் டால்டன், ஒவ்வொரு வேரையும் ஓர் உருளை மின்தேக்கியாகக் கொண்டு, அவை அனைத்தும் பக்க இணைப்பில் இருப்பதாக ஒரு மாதிரியை முன்வைத்தார்.

மண் காயும்போது நேர்வது வேறு. வேருக்கும் மண்துகளுக்கும் இடையிலிருந்த நீர்ப்படலம் அறுந்து காற்றிடைவெளி தோன்றுகிறது. அந்த இடைவெளி, வேரோடு தொடரிணைப்பில் அமைந்த ஒரு சிறு மின்தேக்கியைப் போலச் செயல்படுகிறது. தொடரிணைப்பில் மிகச் சிறிய மின்தேக்கியே மொத்த மதிப்பைக் கட்டுப்படுத்தும் என்பதால், வேர் எவ்வளவு இருந்தாலும் அளவு சரியும். எனவே ஒவ்வொரு முறையும் தொட்டியை முழுவதும் நனைத்து, வடியவிட்டு, அதே ஈரநிலையில் மட்டுமே அளவெடுங்கள். தண்டு மின்முனையின் உயரம் சிறிது மாறினாலும் மதிப்பு மாறும் என்பதால், மண் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் அடையாளமிட்டுப் பொருத்த வேண்டும். வெவ்வேறு மண்ணிலோ வெவ்வேறு இனங்களிலோ எடுத்த எண்களை அருகருகே வைத்து ஒப்பிடவே கூடாது.

மறுமொழி 2

மேலே சொன்னவை சரியே. ஆயினும் ஈரத்தைச் சீராக்கிவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று கருத வேண்டாம். டால்டனின் மாதிரி மெய்யானால், வேரின் நுனிப்பகுதியை வெட்டும்போது மின்தேக்குத்திறனும் அதற்கேற்பக் குறைய வேண்டும். 2012-இல் டீட்ரிச்சும் உடனாய்வாளர்களும் ஊட்டக்கரைசலில் வளர்த்த பார்லிச் செடிகளில் இதைச் சோதித்தபோது, கரைசலுக்குள் மூழ்கியிருந்த வேர்களை வெட்டியும் மதிப்பு பெரிதாக மாறவில்லை. மதிப்பைத் தீர்மானித்தது, தண்டு மின்முனைக்கும் கரைசலின் மேற்பரப்புக்கும் இடைப்பட்ட திசுவும், மேற்பரப்பைக் கடக்கும் இடத்தில் வேர்களின் குறுக்குவெட்டுப் பரப்புமே. அதாவது மின்னோட்டம் வேரின் நுனிவரை பயணம் செய்யாமல், ஈரமான ஊடகத்தைத் தொட்டவுடனேயே பெரும்பாலும் வெளியேறிவிடுகிறது.

அப்படியிருந்தும் வேர் எடையோடு ஒத்துப்போவது ஏன்? அடிப்பகுதி தடித்த செடிக்குப் பொதுவாக வேர்த்தொகுதியும் பெரிதாக இருக்கும் என்பதால்தான். ஆகவே ஒரு சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்: கழுவி எடைபார்த்த அதே செடிகளின் தண்டு விட்டத்தையும் குறித்துவைத்து, விட்டம் மட்டுமே வேர் எடையை எவ்வளவு நன்றாகக் கணிக்கிறது என்று பாருங்கள். மின்தேக்குத்திறன் அதைவிடக் கூடுதலாக எதையும் சொல்லவில்லை என்றால், வெர்னியர் அளவியே போதும். இந்தச் சோதனையைத் தராத ஆய்வு முடிவுகளை நான் ஐயத்துடனேயே படிக்கிறேன்.

மறுமொழி 3

படவரைவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதில் இரு முனைகள் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி, வேறு இரு முனைகளுக்கிடையே மின்னழுத்தத்தை அளப்பதால், முனையும் மண்ணும் தொடும் இடத்தின் தடை பெரும்பாலும் கணக்கிலிருந்து விலகிவிடுகிறது. இது பெரிய நன்மை. எனினும் கிடைக்கும் படம் வேரின் படமன்று, மின்தடைத்திறனின் (மின்னோட்டத்தை அவ்விடம் எவ்வளவு தடுக்கிறது என்பதன்) படம். ஈரம், களிமண், உப்பு, வெப்பநிலை ஆகிய அனைத்தும் அதை மாற்றும். வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் ஏறினாலே மண்ணின் கடத்துதிறன் ஏறத்தாழ 2 விழுக்காடு கூடும். தடித்த மரவேர் சுற்றியுள்ள மண்ணைவிட மின்தடை மிகுந்ததாகத் தெரியலாம்; இளம் மெல்லிய வேர்கள் நிறைந்த இடமோ மண்ணோடு கலந்து அடையாளமே தெரியாமல் போகலாம். முனைகளிலிருந்து விலக விலகத் தெளிவும் குறையும்.

இம்முறை உண்மையில் சிறந்து விளங்குவது, ஒரே இடத்தை அடுத்தடுத்து அளந்து வேறுபாட்டைப் பார்ப்பதில்தான். நீரூற்றிய பின் எந்த ஆழத்தில் மின்தடைத்திறன் வேகமாக உயர்கிறதோ, அங்கே நீர் குறைகிறது. மேற்பரப்பில் ஆவியாதலைத் தடுத்துவிட்டு, செடியில்லாத தொட்டி ஒன்றையும் உடன் அளந்தால், அந்தக் குறைவில் வேர் உறிஞ்சியது எவ்வளவு என்று பிரித்தறியலாம். வேரின் எடையைவிட வேரின் வேலையை அறிவதுதான் பயிர் ஆய்வுக்கு மேலானது என்பது என் உறுதியான கருத்து.

பல அதிர்வெண்களில் மின்மறுப்பை (மாறுமின்னோட்டத்துக்கு எதிரான மொத்தத் தடையை) அளந்து படமாக்கும் முறையும் வளர்ந்துவருகிறது. 2017-இல் வைகாண்டும் கெம்னாவும், நீர் நிரம்பிய மெல்லிய பெட்டியில் எண்ணெய்வித்துச் செடிகளை ஊட்டமின்றி வைத்து அளந்தபோது, முனைவாக்கம் (மின்புலத்தில் மின்னூட்டங்கள் இடம்பெயர்ந்து தேங்குவது) வேர் இருந்த பகுதியிலேயே தோன்றியதையும், ஊட்டக்குறை நீடிக்க நீடிக்க அது தளர்ந்ததையும் காட்டினர். மண்ணிலோ களிமண்ணும் முனைவாக்கம் அடையும் என்பதால் பிரித்தறிவது கடினம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. தண்டு விட்டங்களை ஏற்கெனவே குறித்துவைத்திருக்கிறேன். முதலில் அந்த ஒப்பீட்டைச் செய்கிறேன். அடுத்த தொகுதியில் தொட்டியின் பக்கச்சுவரில் மூன்று ஆழங்களில் முனைகளைப் பொருத்தி, வெற்றுத் தொட்டி ஒன்றையும் சேர்த்து, நீரூற்றிய நாளிலிருந்து மண் காயும்வரை தொடர்ந்து அளக்க எண்ணுகிறேன்.

மறுமொழி 3

நல்லது. ஓர் ஆழத்துக்கு நான்கு முனைகளாவது சம இடைவெளியில் வையுங்கள். வெப்பநிலை உணரி ஒன்றையும் ஒவ்வோர் ஆழத்திலும் புதைத்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் பகலும் இரவும் மாறுவதே வேரின் செயல்போலத் தோன்றிவிடும்.