கன்வேயர் டிரம் ஷாஃப்ட் உடைஞ்சுடுச்சு, ஹாலோவா மாத்தலாமா?

பட்டறைத்தம்பி:
வணக்கம் அண்ணா எல்லாருக்கும். ஜல்லி கிரஷருக்கு பெல்ட் கன்வேயர் பண்ணிக் குடுத்தோம், 5 எச்பி மோட்டார், கியர்பாக்ஸ்ல இருந்து செயின் ஸ்ப்ராக்கெட் வழியா ஹெட் டிரம் (பெல்ட்ட இழுக்குற முன்பக்க உருளை) 60 ஆர்பிஎம்ல ஓடுது. ஷாஃப்ட் ஈஎன்8 (நடுத்தர கார்பன் ஸ்டீல்), 50 எம்எம் சாலிட் ராடு, கைல யூசிபி 209 பேரிங் (45 எம்எம் துளை) இருந்துச்சுன்னு ரெண்டு முனையும் 45க்கு கடைஞ்சுட்டோம். ஸ்ப்ராக்கெட் பேரிங்ல இருந்து 90 எம்எம் வெளிய நிக்குது, கீவே (சாவி உக்கார ஷாஃப்ட்ல வெட்டுற பள்ளம்) பேரிங் ஓரம் வரைக்கும் ஓடியிருக்கு. நாலே மாசம், ஸ்ப்ராக்கெட் பக்கம் 50ல இருந்து 45க்கு இறங்குற இடத்துல பட்டுன்னு ரெண்டு துண்டு. உடைஞ்ச முகத்துல சுத்தி வழவழன்னு இருக்கு, நடுவுல ஒரு ரூபா காசு அளவுக்கு மட்டும் சொரசொரப்பு. ஹாலோ (நடுவுல ஓட்டை உள்ள) ஷாஃப்ட்தான் ஸ்ட்ராங்குன்னு ஒருத்தர் சொல்றார், இன்னொருத்தர் ஈஎன்24 (அலாய் ஸ்டீல்) போடுங்கறார். ரெண்டாவது தடவையும் உடைஞ்சா பார்ட்டி மூஞ்சில முழிக்க முடியாது, கொஞ்சம் சொல்லுங்க.

டிசைன்_சேலம்:
தம்பி முதல்ல கணக்கு பாத்துடலாம். 5 எச்பின்னா 3.7 கிலோவாட், 9550ஐ 3.7ஆல பெருக்கி 60ஆல வகுத்தா டார்க் (முறுக்கு விசை) 589 நியூட்டன் மீட்டர். ஸ்ப்ராக்கெட் பிட்ச் டயா (செயின் உக்கார்ற வட்டத்தோட விட்டம்) நீங்க சொல்லல, 250ன்னு வச்சுக்கிட்டா செயின் இழுப்பு 4.7 கிலோநியூட்டன், அது 90 எம்எம் தள்ளி நின்னு இழுக்குறதால பேரிங் கிட்ட வளைக்கிற மொமென்ட் 424 நியூட்டன் மீட்டர். கல்லு விழுற கன்வேயர், ஷாக் இருக்கும், அதனால வளைவுக்கு 2, முறுக்குக்கு 1.5ன்னு ஏஎஸ்எம்இ (அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கம்) முறைல பெருக்கி ரெண்டையும் வர்க்கம் போட்டு கூட்டி மூலம் எடுத்தா சமமான டார்க் 1225 கிட்ட வருது. அத 45 டயா மேல போட்டா ஷியர் ஸ்ட்ரெஸ் 68 மெகாபாஸ்கல். கீவே இல்லாத ஷாஃப்டுக்கே 55தான் அனுமதி, கீவே இருந்தா 41. அந்த 41க்கு டயா கேட்டா 53.4 வருது, அப்ப 55 எம்எம், பேரிங் யூசிபி 211. முறுக்கு மட்டும் பாத்தா 50 டயால வெறும் 24தான் வரும், அத நம்பித்தான் நிறைய பேர் ஏமாறுறாங்க, வளைவ யாரும் கூட்டுறதில்ல.

லேத்து_மாமா:
கணக்கு சரி, ஆனா நீ சொன்ன அந்த உடைஞ்ச முகந்தான் எனக்கு முக்கியம் தம்பி. சுத்தி வழவழ, நடுவுல கொஞ்சம் சொரசொரன்னா ஒரே அடில உடையல, வெளி ஓரத்துல சுத்திலும் விரிசல் விட்டு தினம் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போயிருக்கு, கடைசில மிச்சமிருந்த நடுத்துண்டு தாங்காம அறுந்துச்சு. அந்த ஸ்டெப்ப கூர்மையான டூல்ல நேரா தொண்ணூறு டிகிரி இறக்கியிருப்பீங்க, மூலைல நகத்த வச்சுப் பாரு, சிக்கும். அப்படி மூலைல ஸ்ட்ரெஸ் ரெண்டு மூணு மடங்கு ஏறும். 60 ஆர்பிஎம்ல எட்டு மணி நேரம்னா ஒரு நாளைக்கு 28,800 சுத்து, ஒவ்வொரு சுத்துக்கும் அந்த மூலை ஒரு தடவை இழுபடுது ஒரு தடவை அமுங்குது, நூறு நாள் ஓடியிருந்தாலே 28 லட்சம் தாண்டுது பாத்துக்க.

யூசிபிக்கு ஸ்டெப்பே வேணாம், ஷாஃப்ட்ட இறுக்கிப் பிடிக்க அதுல கிரப் ஸ்க்ரூ இருக்கே. 55 பிரைட் பார் (வழவழன்னு ரெடியா வர்ற ராடு) நேரா உள்ள விடு. வேற வேலைல ஸ்டெப் போட்டே ஆகணும்னா மூலைல ரேடியஸ் (வளைவு) விடு, ஆனா அது பேரிங் உள்வளையத்தோட ரேடியஸ விட சின்னதா இருக்கணும், இல்லன்னா பேரிங் ஷோல்டர்ல ஒக்காராது.

பட்டறைத்தம்பி:
ரொம்ப நன்றி மாமா, நகம் சிக்குது, உண்மைதான். ஸ்ப்ராக்கெட் 250 கிட்டதான் டிசைன் அண்ணா. அப்ப ஹாலோ, ஈஎன்24 ரெண்டும் வேணாமா?

டிசைன்_சேலம்:
ஹாலோ தப்பில்ல தம்பி, இடம் வேற. முறுக்குலயும் வளைவுலயும் ஸ்ட்ரெஸ் வெளித்தோல்லதான் அதிகம், நடு மையத்துல சைபர். அதனால வெளி டயால பாதிக்கு ஓட்டை போட்டா எடை 25 சதவீதம் போகுது, பலம் 6.25 சதவீதந்தான் போகுது. ஒரே எடைல ஹாலோ ஸ்ட்ராங்குன்னு அவர் சொன்னது இதான், ஒரே வெளி டயால இல்ல. லாரி புரொப்பெல்லர் ஷாஃப்ட் குழாயா இருக்கறது இதுக்குத்தான், நீளமா வேகமா சுத்துறப்ப வெயிட்டுக்கு ஏத்த விறைப்பு வேணும், இல்லன்னா ஒரு வேகத்துல ஆடி வில்லா வளையும். லேத் ஸ்பிண்டில்ல ராடு உள்ள போகணும், அதனால ஓட்டை. உங்களுக்கு 60 ஆர்பிஎம், ஷாஃப்ட் ஒரு மீட்டர் கூட்டிக் கொறச்சுன்னா மிச்சமாகறது அஞ்சு கிலோ இரும்பு, அதுக்கு ஆழ டிரில்லிங் கூலி யார் குடுக்கறது? மேல 6 எம்எம் ஆழம் கீவே வேற வெட்டணும், சுவர் மெலிசாயிடும்.

ஈஎன்24 பலம் ஜாஸ்திதான், ஆனா கூர் மூலைக்கு அது இன்னும் சென்சிடிவ், விறைப்பும் எல்லா இரும்புக்கும் ஒண்ணுதான், வளையறது கொறயாது. ஈஎன்8லயே இருங்க. ஸ்ப்ராக்கெட்ட 60 எம்எம் வரைக்கும் உள்ள தள்ளுங்க, மொமென்ட் 283க்கு இறங்கிடும், காசே இல்லாத வேலை.

லேத்து_மாமா:
தம்பி, இதே டிராயிங்ல வேற மிஷின் ஏதாவது குடுத்திருக்கீங்களா?

பட்டறைத்தம்பி:
அதே சைட்ல இன்னொண்ணு ஓடுது மாமா, அது ரெண்டு வாரம் பிந்தி போட்டது.

லேத்து_மாமா:
இன்னைக்கே நிறுத்தச் சொல்லு. ஸ்டெப்ப பெட்ரோல் போட்டு நல்லா தொடச்சு விரிசல் பாக்குற சிவப்புச் சாயம் அடி, பத்து நிமிஷம் விட்டு தொடச்சுட்டு வெள்ள டெவலப்பர் அடிச்சுப் பாரு, விரிசல் இருந்தா சிவப்பா கோடு தெரியும். கீழ ஆள் நிக்கிற இடம் அது.

பட்டறைத்தம்பி:
பாத்துட்டு வந்துட்டேன் மாமா. ஸ்ப்ராக்கெட் பக்கம் ஸ்டெப் மூலைல முக்கால் சுத்துக்கு சிவப்பா முடி மாதிரி கோடு வந்துருச்சு. மிஷின நிறுத்தி செயினக் கழட்டிட்டோம், 55 பாருக்கு சொல்லியாச்சு.