மெடிசின் இன்ரவியூவில என்ன நடந்தது? உங்கட அனுபவத்தையும் எழுதுங்கோ

கோண்டாவில் பெடியன்:
2022 மாசி. இங்கிலாந்தில ஒரு மருத்துவபீடம், சூமில எம்.எம்.ஐ., அதாவது ஸ்ரேசன் எண்டிற சின்னச் சின்னக் கட்டமா, ஒவ்வொண்டிலயும் ஒரு கேள்வியோ நடிப்போ வைச்சு நடத்திற இன்ரவியூ. கரண்ட் வெட்டுக் காலம், மாமா வீட்டு ஜெனரேற்றரை நம்பித்தான் இருந்தனான். முதல் மூண்டு ஸ்ரேசனும் பிழையில்லை. நாலாவதில ஒரு நடிகை, பக்கத்து வீட்டு அம்மாவாம். அவவின்ர பூனை என்ர காரில அடிபட்டுச் செத்துப்போச்சு, அதை நான் சொல்லவேணும். சொன்னன். அழத் தொடங்கினா. நான் பதறிப்போய், "வேற பூனை வாங்கித் தாறன்" எண்டிட்டன். அழுகையை நிப்பாட்டி நேர பாத்தா. "அதுக்கு என்ன பேரெண்டுகூட நீர் கேக்கேல்லையே" எண்டா. நடிப்பெண்டு தெரியும், எண்டாலும் கை நடுங்கிச்சுது. இடம் கிடைக்கேல்லை. எனக்கு அது பெரிசில்லை, அந்தக் கேள்விதான் இன்னும் போகுதில்லை.

சாவகச்சேரி அண்ணை:
தம்பி, இதாலதான் எங்கட முறை நல்லது எண்டிறன். இஞ்ச இலங்கையில அரச மருத்துவபீடத்துக்கு இன்ரவியூ இல்லை, உயர்தரச் சோதினைப் பெறுபேற்றில இருந்து கணக்கிடுற இசட் புள்ளிதான். இடங்களில திறமைக்கு 40 வீதம், மாவட்டத்துக்கு 55, பின்தங்கின மாவட்டங்களுக்கு 5. வன்னியில மண்ணெண்ணெய் விளக்கில படிச்ச பிள்ளை இங்கிலீசில அழுற ஆளை ஆத்தத் தெரியாட்டி டொக்டராகக் கூடாதோ? நான் வெட்டுப்புள்ளியில தவறினவன். அப்பிடியிருந்தும் சொல்லுறன்.

மானிப்பாய் பிள்ளை:
அண்ணை, இங்கிலீசைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனா ஆத்தத் தெரியிறது பாசைக்குள்ள இல்லை. நான் போனது அவுஸ்திரேலியாவில. "ஏன் மெடிசின்?" எண்டதுக்குப் பாடமாக்கினதை ஒப்புவிச்சன், நடுவில இருந்த ஐயா ஒரு எழுத்தும் எழுதேல்லை. பிறகு ஊரைக் கேட்டார். 1847ல வந்த அமெரிக்க மிசன் டொக்டர் சாமுவேல் கிறீன், எங்கட மானிப்பாயில தமிழிலயே வைத்தியம் படிப்பிச்சதைச் சொன்னன். அம்மம்மா விளங்காத இங்கிலீஸ் படிவத்தில ஒப்பம் வைச்சதையும் சொன்னன். அப்பதான் பேனையைத் தூக்கினார். நான் நானாக் கதைச்சது அந்த ரெண்டு நிமிசம் மட்டும்தான்.

நல்லூர் அக்கா:
நானும் குடுத்தனான், இடம் கிடைச்சது. இனிப் போற பிள்ளையள் கேளுங்கோ. எம்.எம்.ஐ. கனடாவில மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில துவங்கினது. ஸ்ரேசனுக்கு ஸ்ரேசன் வேற ஆள்தான் புள்ளி போடுவார், அதால ஒண்டு பிழைச்சா அதைக் காவிக்கொண்டு அடுத்ததுக்குப் போகாதேங்கோ. வாசிக்கத் தாற நேரத்தில கேள்வியை ரெண்டு தரம் வாசியுங்கோ. ஒழுக்கக் கேள்வி கட்டாயம் வரும்: நோயாளியின்ர சொந்த முடிவு, அவருக்கு நன்மை, தீங்கு செய்யாமை, நீதி எண்ட நாலையும் வைச்சு யோசியுங்கோ. ரத்தம் ஏத்த வேண்டாம் எண்டு சுயநினைவோட, விளங்கிச் சொல்லுற வளந்த ஆளைக் கட்டாயப்படுத்தேலாது. அதைச் சொல்லிப்போட்டு நிப்பாட்டாமல், ஏன் வேண்டாம் எண்டிறார் எண்டு கேப்பன் எண்டும் சொல்லுங்கோ. ஆரும் அழுதா உடன பேசாதேங்கோ, கொஞ்சம் பொறுங்கோ. விடையைப் பாடமாக்காதேங்கோ. வீட்டில ஒராளை இருத்தி, மணிக்கூடு வைச்சுப் பழகுங்கோ.

கோண்டாவில் பெடியன்:
நன்றி அக்கா. ஒண்டை எழுத மறந்திட்டன். கடைசியில அவ பூனையின்ர பேரைச் சொன்னவ. அந்த நேரம் பாத்து நேரம் முடிஞ்சு அடுத்த அறைக்கு மாத்திப்போட்டுது. வாய் அசைஞ்சதுதான் தெரிஞ்சது, பேர் கேக்கேல்லை.