எலிசிட்டர்: 'தூண்டி' போதுமா?

> எலிசிட்டருக்குத் (elicitor, வளர்ப்பில் உள்ள தாவரச் செல்களைத் தற்காப்புப் பொருள் தயாரிக்க வைக்கச் சேர்ப்பது) தமிழில் 'தூண்டி' என்றே வைத்துவிடலாமே. எளிமையாக இருக்கிறது.

ஐயா, எளிமை சரிதான், ஆனால் மரபணுவை இயங்கவைக்கும் பொருளையும் தூண்டி என்கிறோம், வளர்ச்சி ஹார்மோனையும் சிலர் அப்படியே எழுதுகிறார்கள். எலிசிட்டர் செய்யும் வேலையோ வளர்ச்சிக்கு எதிர்த்திசையில் போவது. யூ (yew) என்ற ஊசியிலை மரத்தின் செல்களைத் தொட்டியில் நன்றாகப் பெருக்கிவிட்டு மெத்தில் ஜாஸ்மோனேட் (காயப்பட்ட செடி எழுப்பும் எச்சரிக்கைப் பொருள்) கொஞ்சம் விட்டால், ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்று நம்பி, பெருகுவதைக் குறைத்துக்கொண்டு தற்காப்புச் சரக்கைத் தயாரிக்க ஆரம்பித்துவிடும். புற்றுநோய்க்குக் கொடுக்கும் பாக்லிடாக்சல் அந்தச் சரக்கில் ஒன்று (பட்டையை உரித்து எடுத்த காலத்தில் மரமே செத்துப்போகும்). ஈஸ்ட் சாறு, கைட்டோசான் (பூஞ்சைச் செல்சுவரில் இருப்பது) விட்டால் பூஞ்சை வந்துவிட்டதாக நினைப்பு. இல்லாத எதிரியைக் காட்டி வம்புக்கு இழுக்கிறோம், அவ்வளவுதான். அதனால் என் பரிந்துரை 'சீண்டி', செயலுக்குச் 'சீண்டல்'.

'விளைவி' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது வேண்டவே வேண்டாம், எலிசிட்டர் தானாக எதையும் விளைவிப்பதில்லை. நித்தியகல்யாணியைப் பாருங்கள்: வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துக்கு வேண்டிய இரண்டு பாதிகளில் கேத்தரான்தின் மிதவை வளர்ப்பில் (செல்களைத் திரவத்தில் மிதக்கவிட்டு வளர்ப்பதில்) வருகிறது, விண்டோலின் வருவதில்லை, ஏனென்றால் அதன் கடைசிப் படிகள் இலையில் உள்ள தனிவகைச் செல்களில்தான் நடக்கின்றன. அந்தச் செல்லே இல்லாத தொட்டியில் எதை விட்டு என்ன பயன்? இன்னும் இலையைப் பறித்துத்தான் எடுக்கிறார்கள்.

அப்புறம் ஒன்று, இரண்டு கட்டமாக வளர்த்தாலே சீண்டல் என்று எழுதிவிடக் கூடாது. 1980களில் ஜப்பானின் மிட்சுயி பெட்ரோகெமிக்கல் ஷிகோனின் என்ற சிவப்புச் சாயத்தைச் செல் வளர்ப்பில் எடுத்து, அது உதட்டுச்சாயமாகக் கடைக்கே வந்தது. அங்கே செய்தது ஊடக (செல்கள் வளரும் சத்துக் கரைசல்) மாற்றம்: முதல் தொட்டியில் பெருக்கி, பிறகு அம்மோனியம் இல்லாத ஊடகத்துக்கு மாற்றினார்கள், அம்மோனியம் இருந்தால் ஷிகோனின் உருவாகாது என்பதால்.

> சீண்டல் என்றாலே செய்தித்தாளில் 'பாலியல்' என்று முன்னால் ஒட்டிக்கொண்டு வருகிறது. வகுப்பில் இதைச் சொல்லிப் பாருங்கள் தம்பி, பாடம் அத்தோடு முடிந்தது. 'உசுப்பி' என்றால் என்ன?

நியாயம்தான் ஐயா, வகுப்பை நான் யோசிக்கவில்லை. உசுப்பியில் அந்தத் தொல்லை இல்லை, வம்புக்கு இழுக்கும் பொருளும் அப்படியே இருக்கிறது. பேச்சு வழக்கு என்று யாராவது முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். செயலுக்கு 'உசுப்பல்', ஜாஸ்மோனேட் வகைக்கு 'வேதி உசுப்பி', ஈஸ்ட் சாறு வகைக்கு 'உயிரி உசுப்பி' என்று கிளைச்சொற்களும் தடங்கலில்லாமல் வருகின்றன. வேறு யாருக்கும் மறுப்பு இல்லையென்றால் கலைச்சொல் பட்டியலில் இதையே ஏற்றிவிடலாம், எலிசிட்டர் என்பதையும் பக்கத்தில் போட்டு.