ஆண்டின் சிறந்த பத்து ஆல்பம்: விதி இல்லாமல் ஓட்டு எதற்கு?

சைடு பி:
டிசம்பர் வந்தால் ஆளுக்கொரு 'டாப் 10' போடுவதும் ஜனவரி முழுக்க அடித்துக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது. அந்தச் சண்டையில் பாதி ரசனையைப் பற்றியதே இல்லை. எது ஆல்பம், எந்த வருஷக் கணக்கு, ஓட்டை எப்படிக் கூட்டுவது என்பதில்தான் முட்டல். அதனால் இந்த முறை விதியை முதலில் வைக்கிறேன், பிரித்து மேயுங்கள்.

வருஷம்: முழு ஆல்பமும் கேட்கக் கிடைத்த நாள்தான் கணக்கு. முதல் சிங்கிள் வந்த நாளும் இல்லை, படம் வந்த நாளும் இல்லை. 'கடல்' பாடல்கள் 2012 கடைசியிலேயே வந்துவிட்டன, படம் 2013 பிப்ரவரி 1. இந்த விதிப்படி அது 2012 ஆல்பம்.

ஆல்பம்: குரலோடு குறைந்தது நான்கு தனிப் பாடல்கள். கரோக்கி, ரீப்ரைஸ் (அதே பாட்டின் மறுவடிவம்), அதே மெட்டின் பெண் குரல் பதிப்பு எதுவும் எண்ணிக்கையில் சேராது.

புள்ளி: முதல் இடத்துக்கு 10, பத்தாம் இடத்துக்கு 1. கூட்டினால் பட்டியல் ரெடி.

பின்வரிசை:
ரசனைக்கு ஆடிட்டர் வைக்கிறீங்களா பாஸ்? இருபது பேர் தனித்தனியா எதை ரசிச்சாங்கங்கிறதுல ஒரு சுவை இருக்கு. அதைக் கூட்டி வகுத்தா வர்றது யாரோட ரசனையும் இல்லை. பஃபே சாப்பாடு மாதிரி, யாருக்கும் உப்பு அதிகம் இல்லை, யாருக்கும் காரமும் இல்லை.

உங்க நாலு பாட்டு விதியையே எடுத்துக்கோங்க. இளையராஜா 1986-ல போட்ட 'ஹவ் டு நேம் இட்' முழுக்க வாத்திய இசை. குரல் பாட்டு நாலு வேணும்னா அது ஆல்பமே இல்லைன்னு ஆகுது. அந்த விதியை வெச்சு என்ன பண்றது?

சைடு பி:
சரியான அடி, வாங்கிக்கொள்கிறேன். 'குரலோடு' என்பதை எடுத்துவிடலாம். நான்கு தனி உருப்படி அல்லது மொத்தம் 18 நிமிஷம். படப் பாடல் தொகுப்பில் மட்டும் ரீப்ரைஸ், கரோக்கி கழியும். பின்னணி இசையைத் தனித் தொகுப்பாக வெளியிட்டால் அது தனி ஆல்பம், பாடல் ஆல்பத்தோடு ஒட்டாது.

மோகனம்:
ஐயா, வருஷக் கணக்கில் எனக்கு உடன்பாடில்லை. திரைப்பாடல் காட்சிக்காகப் பிறப்பது. இயக்குநர் சூழலைச் சொல்ல, மெட்டு வர, அதன்மேல் பாடலாசிரியர் எழுத, படத்தொகுப்பில் ஒரு சரணமே காணாமல் போக, கடைசியில் திரையில் வருவதுதான் பாடலின் முழு உருவம். படம் வருமுன் அதற்கு மதிப்பெண் போடுவது, தாலி கட்டுமுன் மாமியாரைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது போல.

மேலும், ஆண்டுக் கணக்கு என்பது ஒரு நிர்வாக ஏற்பாடுதான். 'ஆடுகளம்' திரைக்கு வந்தது 2011 பொங்கலுக்கு. ஆனால் தேசிய விருது கிடைத்தது 2010-ஆம் ஆண்டுக்கான தொகுதியில், ஏனென்றால் அவர்கள் தணிக்கைச் சான்றிதழ் தேதியைப் பார்ப்பார்கள். கிராமியிலோ 2025 விழாவுக்கு 2023 செப்டம்பர் 16 முதல் 2024 ஆகஸ்ட் 30 வரை வந்தவைதான் தகுதி. ஆளுக்கொரு பஞ்சாங்கம். நம்முடையது ஏன் பட வெளியீட்டு நாளாக இருக்கக் கூடாது?

சைடு பி:
பட நாளை வைத்தால் ஓட்டு விழுவது ஒளிப்பதிவுக்கும் நடனத்துக்கும் ஐயா. படம் ஊத்திக்கொண்டால் நல்ல ஆல்பமும் கூடவே மூழ்கும், படம் ஓடினால் சுமாரான பாட்டும் மிதக்கும். அது சிறந்த பாடல் காட்சிக்கான பட்டியல். தேவையான பட்டியல்தான், ஆனால் வேறு பட்டியல். படம் கைவிடப்பட்டு ஆல்பம் மட்டும் வந்திருந்தால் உங்கள் கணக்கில் அதற்கு வருஷமே கிடையாது.

பின்வரிசை:
தேதி விஷயத்துல ஒண்ணே ஒண்ணு. பத்திரிகைக்காரங்க பட்டியலை நவம்பர் கடைசியிலயே மூடிடுறாங்க. அமெரிக்கப் பாடகர் டி'ஆஞ்சலோவோட 'பிளாக் மெசையா' ஆல்பம் 2014 டிசம்பர் 15-ல வந்துச்சு, முந்தின ஆல்பம் வந்து பதினாலு வருஷம் கழிச்சு. அதுக்குள்ள பாதிப் பேரு பட்டியல் அச்சுல ஏறியாச்சு. லேட்டா ஓட்டு வாங்கின, வில்லேஜ் வாய்ஸ்ங்கிற நியூயார்க் பத்திரிகையோட விமர்சகர் கருத்துக்கணிப்புல அதுக்குத்தான் முதலிடம். எப்பக் கடையை மூடுறோம்ங்கிறதே முடிவை மாத்துது.

எண்கணக்கன்:
அந்த வில்லேஜ் வாய்ஸ் கணிப்பின் (பேஸ் அண்ட் ஜாப்) புள்ளி முறையையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாமே. பத்து ஆல்பம், மொத்தம் 100 புள்ளி, ஒன்றுக்கு அதிகபட்சம் 30, குறைந்தபட்சம் 5. சைடு பி சொல்லும் 10-9-8 முறையைவிட இது ஏன் மேல் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

25 பேர் ஓட்டுப் போடுகிறார்கள். ஆல்பம் 'அ'வை 18 பேர் ஆறாம் இடத்தில் வைக்கிறார்கள். 18 × 5 = 90. ஆல்பம் 'ஆ'வை 8 பேர் முதலிடத்தில் வைக்கிறார்கள். 8 × 10 = 80. யாருமே முதலிடம் தராத 'அ' ஜெயிக்கிறது. பின்வரிசை சொல்லும் பஃபே சாப்பாடு இங்கேதான் சமைக்கப்படுகிறது. அதே ஆட்கள் நூறு புள்ளியைப் பங்கிட்டால், 'அ'வுக்கு ஆளுக்கு 7 என்றால் 126, 'ஆ'வுக்கு ஆளுக்கு 25 என்றால் 200. எவ்வளவு பிடித்தது என்பதும் கணக்குக்குள் வந்துவிடுகிறது.

இதில் என்ன கெடும்? ஐந்து சிநேகிதர்கள் பேசிவைத்து ஒரு ஆல்பத்துக்கு ஆளுக்கு 30 போட்டால் 150. 'அ'வைத் தாண்டிவிடும். 10-9-8 முறையில் அவர்களால் 50-க்கு மேல் நகர முடியாது. அதனால் உச்சவரம்பை 20 ஆக்குங்கள். ஐந்து பேர் கூட்டணிக்கு 100-தான், 'ஆ'வுக்கு 160 நிற்கும். பத்து ஆல்பத்துக்கும் தலா 5 கட்டாயம் என்பதால் ஒருவர் கையில் இஷ்டத்துக்கு ஆட வெறும் 50 புள்ளிதான் என்பதையும் கவனியுங்கள்.

பின்வரிசை:
இவ்வளவு கணக்குப் போட்டும் முக்கியமான ஓட்டையை விட்டுட்டீங்களே. கேட்காததுக்கும் பூஜ்யம், கேட்டுப் பிடிக்காததுக்கும் பூஜ்யம். பெரிய ஹீரோ படத்து ஆல்பத்தை 25 பேரும் கேட்டிருப்பாங்க, டீக்கடையில நின்னாலே காதுல விழும். சொந்தக் காசுல போட்ட தனி ஆல்பத்தை மூணு பேர் கேட்டிருப்பாங்க. அப்புறம் இது இசைப் போட்டியா, விளம்பர பட்ஜெட் போட்டியா?

டெசிபல்:
ஓட்டுச்சீட்டுக்கு முன்னாடி காதைப் பார்க்கலாமா? ரெண்டு ஆல்பத்தை ஒப்பிடும்போது சத்தம் சமமா இல்லைன்னா நீங்க ஒப்பிடுறது இசையை இல்லை, வால்யூமை. அரை டெசிபல் கூடினாலே காது அதை 'சத்தம்'னு சொல்லாது, 'தெளிவு'ன்னு சொல்லும். அங்கதான் ஏமாறுறோம்.

ஸ்பாட்டிஃபையில நார்மலைசேஷனை (சத்தத்தைச் சமப்படுத்துற வசதி) ஆன் பண்ணி 'நார்மல்'ல வைங்க, மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ்-க்குக் (காதுக்குக் கேட்குற சத்தத்தை அளக்குற அலகு) கொண்டுவரும். ஆல்பமா வரிசையா ஓட்டினா முழு ஆல்பத்துக்கும் ஒரே அளவு ஏத்தி இறக்கும், மெதுவான தாலாட்டு மெதுவாவே இருக்கும். ஷஃபிள்லயோ கலவை பிளேலிஸ்ட்டுலயோ போட்டா ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாச் சமப்படுத்தும், தாலாட்டும் குத்துப்பாட்டும் ஒரே உசரத்துல நிக்கும். அதனால ஆல்பத்துக்கு மார்க் போடணும்னா வரிசை மாத்தாமக் கேக்கணும்.

யூடியூப் சத்தமான பாட்டை இறக்கும், மெதுவானதை ஏத்தாது. வீடியோ மேல ரைட் கிளிக் பண்ணி 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' திறந்தா 'கன்டென்ட் லவுட்னஸ்'னு ஒரு எண் வரும். மைனஸ்ல இருந்தா அந்த அளவுக்கு அது மெதுவா ஒலிக்குதுன்னு அர்த்தம், நீங்கதான் கையால ஏத்திக்கணும். ஜூக்பாக்ஸ் வீடியோன்னா முழுக் கோப்புக்கும் சேர்த்து ஒரே எண்தான்.

முதல் தடவை கேட்கும்போது லிரிக் வீடியோ வேண்டாம், ஸ்கிரீனைக் கவுத்து வைங்க. இயர்போன்ல ஒருமுறை, மூணு நாலு நாள் விட்டு ஸ்பீக்கர்ல ஒருமுறை. இயர்போன்ல மட்டும் பிரமாதமா இருந்தா, பெரும்பாலும் அது மெட்டு இல்லை, இடது வலதுன்னு பிரிச்சு வெச்ச மிக்ஸிங்.

சைடு பி:
காதை நம்ப வேண்டாம் என்பவர்கள் ஸ்பாட்டிஃபை வருஷக் கடைசியில் தரும் 'ரேப்ட்' எண்ணிக்கையைக் கொண்டுவருகிறார்கள். எத்தனை தடவை கேட்டோமோ அதுதான் நேர்மையான ரசனை என்று.

எண்கணக்கன்:
நேர்மையான எண், தப்பான கேள்விக்கு. 30 வினாடி ஓடினாலே ஸ்பாட்டிஃபை ஒரு தடவை என்று எண்ணும். கேட்பதைப் பதிவு செய்யும் லாஸ்ட் எஃப்எம் தளம், பாட்டில் பாதி அல்லது நான்கு நிமிஷம் ஓடியதா என்று பார்க்கும். ஒரே ஆளுக்கு இரண்டிலும் வேறு வேறு பட்டியல் வரும். குழந்தை தூங்கப் போடும் தாலாட்டு, ஓட்டப் பயிற்சிக்கான குத்து எல்லாம் மேலே ஏறிவிடும். கனடா இசைக்கலைஞர் சிண்டி லீயின் 'டைமண்ட் ஜூபிலி' ஆல்பம் 2024 மார்ச்சில் ஒரு பழைய பாணி இணையப் பக்கத்திலும் யூடியூபிலும்தான் வந்தது. ஸ்பாட்டிஃபை கணக்கில் அப்போது அதற்குச் சுழி.

எண்ணிக்கையைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் பாட்டு எண்ணிக்கையாலும் வாரங்களாலும் வகுங்கள். பிப்ரவரியில் வந்த ஆறு பாட்டு ஆல்பம், 300 தடவை: பாட்டுக்கு 50, 44 வாரத்துக்கு வகுத்தால் 1.14. அக்டோபரில் வந்த ஐந்து பாட்டு ஆல்பம், 75 தடவை: பாட்டுக்கு 15, பத்து வாரத்துக்கு 1.5. உடனே அக்டோபர் ஆல்பத்துக்கு மாலை போடாதீர்கள். புது மோகத்தில் விழுந்த எண் அது. இரண்டிலும் முதல் நான்கு வாரத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை ஒப்பிட்டால்தான் எது தங்கியது என்று தெரியும்.

பின்வரிசையின் 'கேட்காத பூஜ்யம்' நியாயமான புகார். தகுதியுள்ள ஆல்பங்களை எல்லாம் படிவத்தில் வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் 'கேட்கவில்லை', 'கேட்டேன், புள்ளி இல்லை', 'புள்ளி' என்று மூன்று கட்டம். மொத்தப் புள்ளியைக் கேட்டவர் எண்ணிக்கையால் வகுக்கலாம்.

மோகனம்:
அப்படியானால் மூன்றே பேர் கேட்டு மூவரும் 20 போட்ட ஆல்பம் சராசரி 20 வாங்கி முதலிடம் பிடிக்குமே? அது இசையமைப்பாளரின் மைத்துனர்களாகவும் இருக்கலாம்.

எண்கணக்கன்:
அதற்கும் மருந்து உண்டு. ஒவ்வொரு ஆல்பத்துக்கும் சில கற்பனை ஓட்டர்களைச் சேர்ப்போம், அவர்கள் போடுவது பொதுச் சராசரி. 25 பேரின் 2,500 புள்ளி, ஆளுக்கு 25 ஆல்பம் கேட்டிருந்தால் 625 கேட்பு, ஆகச் சராசரி 4. ஆல்பத்துக்கு ஐந்து கற்பனை ஓட்டர் என்று வைத்தால்:

மைத்துனர் ஆல்பம்: (60 + 20) ÷ 8 = 10.
'ஆ' (14 பேர் கேட்டு, 8 பேர் தலா 20): (160 + 20) ÷ 19 = 9.47.
'அ' (24 பேர் கேட்டு 126): (126 + 20) ÷ 29 = 5.03.

மோகனம்:
மைத்துனர்கள்தானே இன்னும் முதலிடம்?

எண்கணக்கன்:
கற்பனை ஓட்டரைப் பத்தாக்குங்கள். மைத்துனர் (60 + 40) ÷ 13 = 7.69. 'ஆ' (160 + 40) ÷ 24 = 8.33. 'ஆ' முதலிடம்.

பின்வரிசை:
அடப் பாவிங்களா. அஞ்சுன்னு வெச்சா ஒருத்தன் ஜெயிக்கிறான், பத்துன்னு வெச்சா இன்னொருத்தன் ஜெயிக்கிறான். அந்த எண்ணை யாரு முடிவு பண்றது? கேட்பாரில்லாத ஆல்பத்தைத் தூக்கி விடணும்னு நினைக்கிறவன் அஞ்சுன்னு சொல்லுவான், கூட்டத்தை நம்புறவன் பத்துன்னு சொல்லுவான். ரசனையை முன்வாசல் வழியா வெளிய அனுப்பிட்டு, கொல்லைப்புறமா ஃபார்முலாக்குள்ள கூட்டிட்டு வந்துட்டீங்க.

எண்கணக்கன்:
மறுக்க முடியாது. ஓட்டு திறக்கும் முன்பே அந்த எண்ணை அறிவித்துப் பூட்டிவிட வேண்டும் என்பதுதான் என்னால் தரக்கூடிய உத்தரவாதம். முடிவைப் பார்த்துவிட்டு எண்ணை மாற்றினால் அது மோசடி, முன்பே சொன்னால் விதி.

மோகனம்:
'பிடித்தது', 'சிறந்தது' என்று இரண்டு பத்தி வைத்தால் பாதிப் பிணக்கு தீராதா? நெருக்கமான பாடலுக்கு ஒன்று, வேலைப்பாடு மிக்கதற்கு ஒன்று.

பின்வரிசை:
வேண்டவே வேண்டாம் ஐயா. 'சிறந்தது' பத்தியில எல்லாரும் கௌரவமான பேரா எழுதிட்டு, நெஜமாக் கேட்டதை 'பிடித்தது'ல ஒளிச்சு வைப்பாங்க. ராகம் பேரு தெரிஞ்சா சிறந்தது, தெரியலைன்னா பிடிச்சதுன்னு ஆயிடும்.

எனக்குப் பட்டியல் வேணும்னா மொத்தக் கணக்கு வேண்டாம். தனித்தனி ஓட்டுச்சீட்டைப் போடுங்க. என் பத்துல ஆறு யாரோட சீட்டுல இருக்கோ அவரைப் பிடிச்சு, மிச்ச நாலைக் கேட்பேன். அந்த நாலுதான் எனக்கு லாபம். நாக்கு ஒத்துப்போறவங்க சொல்ற கடையிலதானே சாப்பிடுறோம்.

டெசிபல்:
சீட்டைப் பேரோட போட்டா அதுலயும் ஜம்பம் வரும். குத்துப்பாட்டு ஆல்பத்தை ரசிச்சவன் எழுத வெட்கப்படுவான்.

சைடு பி:
பேருக்குப் பதில் எண் போட்டு வெளியிடலாம், சீட்டு 1 முதல் 25 வரை. பொருத்தம் பார்க்க அது போதும். பேச நினைப்பவர் தன் எண்ணைத் தானே சொல்லிக்கொள்ளட்டும்.

திருத்திய விதி: முழு ஆல்பம் கிடைத்த நாள், டிசம்பர் 31 நள்ளிரவு வரை. நான்கு உருப்படி அல்லது 18 நிமிஷம். நூறு புள்ளி, உச்சம் 20, தாழ்வு 5, 'கேட்கவில்லை' கட்டம் கட்டாயம். படிவம் ஜனவரி 2 திறந்து 12-ல் மூடும், பொங்கலன்று மொத்தப் பட்டியலும் சீட்டுகளும் சேர்ந்து வரும். பாக்கி இருப்பது கற்பனை ஓட்டர் எண்ணிக்கை மட்டும். ஐந்தா, பத்தா?

மோகனம்:
பத்து.

பின்வரிசை:
அஞ்சு. மைத்துனர்களும் மனுஷங்கதான்.

டெசிபல்:
ஏழரைன்னு வைக்கலாமா?

எண்கணக்கன்:
ஏழரையில் மைத்துனருக்கு 8.57, 'ஆ'வுக்கு 8.84. ஆறரையில் 9.05, 9.07. ஆறில் 9.33, 9.2, அதாவது திரும்பவும் மைத்துனர். இப்போது எல்லோருக்கும் எல்லை தெரிந்துவிட்டதால், யார் என்ன எண் சொன்னாலும் யாருக்காகச் சொல்கிறார் என்று கேட்பார்கள். நல்லவேளை, இவை உதாரண ஆல்பங்கள்தான்.

சைடு பி:
அதனால்தான் இன்றைக்கே பூட்டுகிறேன். பத்து.

பின்வரிசை:
என் சீட்டுல எல்லாத்துக்கும் தலா பத்துப் புள்ளி போடுவேன். விதியில தடை இல்லையே?

சைடு பி:
இல்லை.