ஐந்து நிமிடத்தில் முன்தீர்ப்பா?

புதுக்கடைப் பழையவர்:
முன்தீர்ப்பை, அதாவது இதுபோன்ற வழக்கில் முன்பு வழங்கப்பட்ட தீர்ப்பை, தேடுவது செயற்கை நுண்ணறிவுக்கு ஐந்து நிமிட வேலை என்றும், சட்ட நூலகத்தில் உட்கார்ந்திருக்கும் கனிஷ்ட சட்டத்தரணிகள் காலத்தை வீணடிக்கிறார்கள் என்றும் தம்பி வெள்ளவத்தையான் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. முப்பது வருடங்களாகக் கொழும்பு புதுக்கடை நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்குகிறேன். தீர்ப்பின் சுருக்கத்தை மட்டும் நம்பி வந்து, மற்றவர்களோடு உடன்படாத நீதியரசர் ஒருவரின் கருத்தைப் பெரும்பான்மைத் தீர்ப்பென்று வாசித்துக்காட்டி, திறந்த மன்றில் தலைகுனிந்து நின்றவர்களைக் கண்டிருக்கிறேன். ஐந்து நிமிடத்தில் வழக்கின் பெயர் கிடைக்கலாம். தீர்ப்பை எப்போது வாசிப்பீர்கள்?

வெள்ளவத்தையான்:
ஐயா, ஐந்து நிமிடம் என்றுதான் எழுதினேன், அதில் மாற்றமில்லை. முன்பெல்லாம் பஸ் ஏறி நூலகத்துக்குப் போய், வேண்டிய தொகுதி வேறொருவர் கையில் இருந்தால் காத்திருந்து, போட்டோப் பிரதி எடுத்து வருவதற்குள் அரைநாள் போய்விடும். இன்று உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் தமது தீர்ப்புகளை இணையத்தளங்களிலேயே வெளியிடுகின்றன. மிஞ்சும் அரைநாளைக் கட்சிக்காரருக்குச் செலவிடுவது குற்றமா? கனிஷ்டரின் கால்வலி சிரேஷ்டர்களின் கணக்கில் என்றைக்கு வந்தது?

புதுக்கடைப் பழையவர்:
இணையத்தளத்தில் வாசிப்பதை நான் எங்கே எதிர்த்தேன்? ஐந்து நிமிடம் என்றீர்களே, அதற்குப் பதில் சொல்லுங்கள். 2023 இல் நியூயோர்க்கில், விமானக் கம்பனியொன்றுக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி கட்டிக்கொடுத்த, எங்குமே இல்லாத தீர்ப்புகளைச் சமர்ப்பித்த சட்டத்தரணிகளுக்கு 5,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. அவை உண்மையா என்று அந்த இயந்திரத்திடமே கேட்டு, அது ஆம் என்றதையும் நம்பியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையைத்தான் நீங்கள் கனிஷ்டர்களுக்குப் பழக்குகிறீர்கள்.

கொட்டாஞ்சேனை நொத்தாரிசு:
நீங்கள் இருவரும் தேடலையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். போன மாதம் ஆங்கிலச் சத்தியக் கடதாசி ஒன்றைத் தமிழாக்கக் கொடுத்தபோது, ‘ஹை கோர்ட்’ வந்த மூன்று இடங்களிலும் ‘உயர் நீதிமன்றம்’ என்று இயந்திரம் போட்டிருந்தது. சென்னையில் அது சரி. இங்கே இலங்கையில் ஹை கோர்ட் என்பது மேல் நீதிமன்றம். உயர் நீதிமன்றம் என்றால் சுப்ரீம் கோர்ட். சிவப்புப் பேனாவால் மூன்றையும் வெட்டித் திருத்தினேன். காணி உறுதியிலோ இயந்திரத்துக்கு இடமே இல்லை. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டப்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிருந்து கையெழுத்திட்டே ஆகவேண்டும்.

வெள்ளவத்தையான்:
அக்கா, மொழிபெயர்ப்பு வேறு, தேடல் வேறு. உறுதி எழுதுவதைப் பற்றி நான் பேசவேயில்லை. ஒரு சிரேஷ்டரின் கோப்புகளை இரண்டு வருடம் சுமந்தேன். பஸ் காசுகூடக் கிடைக்கவில்லை. அந்த இரண்டு வருடத்தில் நூலகம் எனக்குக் கற்றுத்தந்ததைவிட செயற்கை நுண்ணறிவோடு இந்த ஆறு மாதத்தில் அதிகம் கற்றிருக்கிறேன்.

புதுக்கடைப் பழையவர்:
உங்கள் சிரேஷ்டர் காசு தராததற்கு நூலகம் என்ன செய்யும்? என் அறையில் எந்தக் கனிஷ்டரும் வெறுங்கையோடு போனதில்லை, அதைப் பெருமையாகவே சொல்வேன். பேச்சை மாற்றாதீர்கள். பாகப்பிரிவினை வழக்கொன்றுக்கு முன்தீர்ப்புத் தேடி, முதற்பக்கத்திலிருந்து கடைசிப்பக்கம் வரை வாசித்து, திங்கட்கிழமை தவணைக்கு முன் என் மேசைக்குக் கொண்டு வாருங்கள். எத்தனை நிமிடம் சென்றதென்று அப்போது சொல்லுங்கள்.

வெள்ளவத்தையான்:
கொண்டு வருகிறேன் ஐயா. தேடுவதற்கு ஐந்து நிமிடம்தான் என்பதை அங்கேயும் சொல்வேன்.

புதுக்கடைப் பழையவர்:
வாசிப்பதற்கு எவ்வளவு என்று கேட்டேன். இப்போதும் பதில் இல்லை.