கம்பம், குமுளி பக்கத்து ஆளுங்க சொல்லுங்க: மழை தாங்குற டென்ட் எது?

பெரியவங்க ரெண்டு, பிள்ளைங்க ரெண்டு. வாகமண், சூரியநெல்லி பக்கம் கேம்ப் சைட்டுல ராத்தங்க டென்ட் வேணும். 'நாலு பேருக்கு'ன்னு போட்டிருந்தா ஆளுக்கு 60 செ.மீ. அகலம்தான் கணக்கு, பை வைக்க இடமிருக்காது. அதனால ஆறு பேர் அளவுதான் பார்க்கறேன். மேல்விரிப்பு தரை வரைக்கும் இறங்கணும், துணி நீர் தாங்கும் அளவு 3000 மி.மீ. (அந்த உயரத்துக்குத் தண்ணி நின்னாலும் துணி கசியாதுன்னு அர்த்தம்), தையல்ல டேப் ஒட்டியிருக்கணும். ஒத்தை அடுக்கு வேண்டவே வேண்டாம்: மூச்சுக்காத்து ஈரம் உள்பக்கம் கோத்து விடியக்காலம் சொட்டும், டென்ட் ஒழுகுதுன்னு நினைச்சுக்குவோம்.

குழப்பம் கம்பியிலதான். ஃபைபர் கம்பி மலைக்காத்துல வளைஞ்சு வளைஞ்சு நீளவாக்குல பிளக்குமே (சிலாம்பு கையில ஏறினா தனி அவஸ்தை), அலுமினியத்துக்குக் கூடக் காசு கொடுக்கலாமாண்ணே? சொதசொத மண்ணுல எத்தனை இஞ்ச் ஆணி நிக்கும்? தேனியில விரிச்சுக் காட்டுற கடை இருக்கா?