போர்வெல் மீட்டரைப் பார்க்காமல் போடும் கையெழுத்துக்குப் பெயர் உறுதியா?

அளவி:
பெரிய நிறுவனங்கள் தண்ணீர், கழிவு, தொழிலாளர் நலன் பற்றி செபிக்கு (பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம்) கொடுக்கும் அறிக்கையின் மையப் பகுதி பிஆர்எஸ்ஆர் கோர். அதன் எண்கள் சரி என்று வெளியாள் பார்த்துச் சொல்வது உறுதி. நேற்று அந்த அறிக்கை பற்றிய இழையில் பேரேடு என்ற சிஏ எழுதியது இது: "பிஆர்எஸ்ஆர் கோருக்கு உறுதி தர சிஏ கையெழுத்துப் போதும். தனியாக ஓர் அங்கீகாரம் என்பது வீண் செலவு. போர்வெல் மீட்டரைப் பார்ப்பது பிளம்பர் வேலை." கடைசி வரியைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளனாகப் பதினாறு வருடமாக அந்தப் பிளம்பர் வேலையைத்தான் செய்கிறேன்.

2023 ஜூலை 12 அன்று செபி சுற்றறிக்கை விட்டது. சந்தை மதிப்பில் முதல் 150 நிறுவனங்கள் 2023-24லிருந்து நியாயமான உறுதி, அதாவது ஆழமாகச் சரிபார்த்துத் தரும் உறுதி, பெற வேண்டும் என்றது. பிறகு 250, 500, 2026-27இல் 1000. மொத்தம் ஒன்பது தலைப்பு. தண்ணீர், மின்சாரம், பசுங்குடில் வாயு, கழிவு எல்லாம் கிலோலிட்டரிலும் யூனிட்டிலும் டன்னிலும் வருபவை, ரூபாயில் வருபவை அல்ல. உறுதி தருபவருக்குத் துறை அறிவு வேண்டும் என்று செபி எழுதியது. சரிபார்ப்பு நிறுவனங்களுக்கான தரநிலையான ஐஎஸ்ஓ 14065 அங்கீகாரம் வேண்டும் என்று எழுதவில்லை. அறிவு இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு அறிக்கை கொடுக்கும் நிறுவனத்தின் இயக்குநர் குழுவிடம் போய்விட்டது.

ஒரு சாயப்பட்டறையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மோட்டார் அறை இருட்டு. மீட்டர் கண்ணாடியில் பாசி. கைக்குட்டையால் துடைத்தேன். மோட்டார் முழு வேகத்தில் ஓடுகிறது, உள்ளே அந்தச் சின்னச் சிவப்புச் சக்கரம் நகரவே இல்லை. குழாயைத் தடவிக்கொண்டே பின்னால் போனால், மீட்டருக்கு ஒரு முழம் முன்னாலேயே டீ (T வடிவ) இணைப்பு போட்டு வேறு குழாய் இழுத்திருக்கிறார்கள். பதிவேட்டில் தினமும் 40, 40, 40. தீபாவளி அன்றும் 40. எல்லாம் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. பதிவேடும் மாத அறிக்கையும் பைசா பிசகாமல் ஒத்துப்போனது. பேரேடு போயிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பார். மீட்டரை யார் பார்த்தது?

பேரேடு:
என்னை என்ன கண் இல்லாதவன் என்று நினைத்தீர்களா? தீபாவளி அன்று 40 என்றால் சிஏ பயிற்சியில் இருக்கும் எந்த ஆர்ட்டிகிள் பையனும் பென்சிலால் வட்டம் போடுவான். எத்தனை கிலோ துணிக்குச் சாயம் போட்டார்கள், கிலோவுக்கு எத்தனை லிட்டர் போகும், டேங்கர் லாரி பில் எத்தனை, இபி பில் எவ்வளவு, இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உங்கள் டீ குழாய் எங்கள் மேசையிலேயே தெரிந்துவிடும். கைக்குட்டை தேவையில்லை.

இன்னொன்று. சிஏக்களின் அமைப்பான ஐசிஏஐ இதற்கென்றே எஸ்எஸ்ஏஇ 3000 என்ற தரநிலையை வெளியிட்டிருக்கிறது. வேறு துறை நிபுணரைச் சேர்த்துக்கொள்ள அதில் இடம் இருக்கிறது. தவறு செய்தால் என் உறுப்பினர் எண் போகும், தொழில் போகும். உங்களுக்கு என்ன போகும்?

அளவி:
எனக்கு அங்கீகாரம் போகும். அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்ஏபிசிபியின் ஆட்கள் நான் தளத்தில் வேலை செய்யும்போது கூடவே வந்து நின்று பார்ப்பார்கள். எந்தத் துறைக்கு அனுமதி என்று பட்டியல் உண்டு. சிமெண்டுக்கு வாங்கியவன் சாயத்துக்குப் போக முடியாது. உங்கள் மேசைக்கு யார் வந்து நின்றார்கள்?

அப்புறம் இபி பில். அந்தப் பட்டறையில் போர்வெல் மோட்டாருக்குத் தனி மின் இணைப்பே கிடையாது. சாய இயந்திரம், பாய்லர், துணி உலர்த்தும் ஸ்டென்டர், மோட்டார் எல்லாம் ஒரே பில். அதை வைத்துக்கொண்டு எந்தத் தண்ணீரைக் கண்டுபிடிப்பீர்கள்? கேட்டதற்குப் பதில் வரவில்லை. மீட்டரை யார் பார்த்தது?

பங்குவாசி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நியாயமான உறுதிக்கும் வரையறுக்கப்பட்ட உறுதிக்கும் என்ன வித்தியாசம்? 2025 மார்ச் 28 சுற்றறிக்கையில் செபி "மதிப்பீடு அல்லது உறுதி" என்று மாற்றிவிட்டதே, மதிப்பீடு என்றால் என்ன? யாராவது முதலில் அதைச் சொன்னால் நன்றாக இருக்கும்.

சாயப்பட்டறை:
அளவி அண்ணா, ஒரு பட்டறையில் பார்த்ததை வைத்து ஊர் மொத்தத்தையும் திருடர் ஆக்காதீங்க. நொய்யலில் கலந்த சாயக்கழிவுக்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. அதற்கப்புறம் கடன் வாங்கி, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ, எவாப்பரேட்டர் எல்லாம் போட்டு ஒரு சொட்டு வெளியே விடாமல் ஓட்டுகிறோம். எங்கள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் மீட்டர் அளவு ஆன்லைனில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கே போகிறது.

இப்போது பெரிய கம்பெனிக்காரர் எங்களிடம் வருகிறார். அவர் வாங்குவதில் நாங்கள் 2 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எங்கள் கணக்கும் வேண்டுமாம். செபி அதை விருப்பம் என்று ஆக்கிவிட்டது, ஆனால் வாங்குபவர் கேட்டால் எங்களுக்கு அது கட்டாயம்தான். ஏற்கெனவே வெளிநாட்டு பிராண்டுக்கு ஒரு ஆடிட், சான்றிதழுக்கு இன்னொன்று. வருகிறவர் எல்லாரும் அதே மீட்டரைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். அவர்களுக்குச் சாப்பாடு, கார், கட்டணம் எல்லாம் எங்கள் தலையில். சிஏ வந்தால் என்ன, இன்ஜினியர் வந்தால் என்ன?

ஓடைக்கரை:
தம்பி, "பட்ட பாடு" என்று நீங்கள் எழுதக்கூடாது. நொய்யலில் இருக்கும் ஒரத்துப்பாளையம் அணை நாங்கள் பாசனத்துக்குக் கேட்டது. சாயக்கழிவு நின்று எங்கள் கிணற்றுத் தண்ணீரை மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிய காலம் எனக்கு நினைவிருக்கிறது. அன்றைக்கும் எல்லாரிடமும் சான்றிதழ் இருந்தது.

சாயப்பட்டறை:
ஐயா, அது எங்கள் அப்பா காலத்துக் கதை. எத்தனை வருடம் இதையே சொல்வீர்கள்?

ஓடைக்கரை:
என் தென்னை இன்னும் அந்த மண்ணில்தான் நிற்கிறது. அதுவரை சொல்வேன்.

பேரேடு:
அளவியின் அங்கீகாரப் பெருமைக்கு ஒரு பதில். 2012 செப்டம்பர் 11, கராச்சி, அலி என்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலையில் தீ. 250 பேருக்கு மேல் செத்தார்கள். அந்தத் தொழிற்சாலைக்குச் சில வாரங்கள் முன்புதான் தொழிலாளர் நலனுக்கும் பாதுகாப்புக்குமான எஸ்ஏ 8000 சான்றிதழ் கிடைத்தது. கொடுத்தது அங்கீகாரம் பெற்ற இத்தாலிய நிறுவனம். நேரில் போனதோ உள்ளூர்த் துணை ஒப்பந்தக்காரர். அங்கீகாரப் பட்டியல், கூடவே வந்து நிற்பது எல்லாம் அங்கே என்ன செய்தது?

அளவி:
கராச்சியை நான் மறக்கவில்லை. அதைச் சொல்லி என் வாயை அடைக்க முடியாது. ஐடி நிறுவனம் சத்யத்தின் மோசடி வெளியான 2009 ஜனவரி 7ஐ நீங்கள் மறந்துவிட்டீர்கள். சத்யம் கணக்கில் இல்லாத பணம் இருப்பதாக வருடக்கணக்கில் கையெழுத்து விழுந்தது. வங்கிக்கு நேரடியாக எழுதிக் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும். பணத்தையே எண்ணிப் பார்க்காதவர்கள் தண்ணீரை எண்ணப் போகிறீர்களா?

பேரேடு:
சத்யத்தை இழுக்காமல் உங்களுக்கு ஒரு பதிவு முடியாதா? ஒரு நிறுவனத்தில் நடந்ததற்கு எங்கள் மொத்தத் தொழிலையும் பேசுகிறீர்கள். சாயப்பட்டறைத் தம்பி உங்களிடம் சொன்னதும் இதையேதான்.

அளவி:
தம்பிக்கு நான் தனியாகப் பதில் சொல்கிறேன். அவர் மீட்டர் ஆன்லைனில் போகிறது, சரி. அந்த மீட்டரைக் கடைசியாக அளவுத்திருத்தம் செய்தது எந்தத் தேதி? செய்த ஆய்வகத்துக்கு என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உண்டா? சான்றிதழில் உள்ள வரிசை எண்ணும் மீட்டரில் அடித்த எண்ணும் ஒன்றா? நான் மூன்று இடத்தில் வேறு வேறாகப் பார்த்திருக்கிறேன். ஆய்வகத்துக்கு அங்கீகாரம் கேட்கிறோம், அந்த ஆய்வகத்தின் தாளை நம்பிக் கையெழுத்துப் போடுபவருக்கு மட்டும் கேட்கக்கூடாது என்றால் எப்படி?

நிறுவனங்களின் இதே மாதிரி அறிக்கைக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022 நெறிமுறையில், தணிக்கையாளர் அல்லாதவர் உறுதி தரலாம் என்று ஒரு நாடு அனுமதித்தால் அவர் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். அவர்களுக்கு இருக்கும் புத்தி நமக்கு ஏன் வரக்கூடாது?

பேரேடு:
அதே ஐரோப்பாதான் 2025 பிப்ரவரியில் நியாயமான உறுதிக்குப் போகும் திட்டத்தையே கைவிட முன்மொழிந்தது. நாம் முதல் வருடமே அதில் இறங்கினோம். பாதியை மட்டும் எடுத்துக் காட்டாதீர்கள்.

பங்குவாசி:
என் கேள்வி அப்படியே நிற்கிறது. மதிப்பீடு என்றால் என்ன?

சாயப்பட்டறை:
அண்ணா, எங்கள் மீட்டரின் வரிசை எண்ணை இங்கே கேட்க நீங்கள் யாரு? போன வருடம் எங்கள் பக்கத்துப் பட்டறைக்கு வந்து ஒரு நாள் வேலைக்கு இரண்டு நாள் கட்டணம் வாங்கியது உங்களைப் போன்ற அங்கீகாரக்காரர்தான். அதை எழுதுங்கள்.

அளவி:
ஒரு நாள் தளத்தில், ஒரு நாள் அறிக்கைக்கு. இரவு பதினோரு மணிக்கு மோட்டார் அறையில் டார்ச் பிடித்து நின்றதற்குக் கணக்கே போடவில்லை. பகல் ஷிஃப்டில் மட்டும் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு அது புரியாது.

பேரேடு ஐயா, இத்தனை பதிவு எழுதிவிட்டீர்கள். கராச்சி, ஐரோப்பா எல்லாம் வந்துவிட்டது. நீங்கள் கையெழுத்துப் போட்ட அறிக்கையில் எத்தனை போர்வெல்? ஒரு மீட்டரின் கண்ணாடியையாவது துடைத்தீர்களா?

பேரேடு:
அது வாடிக்கையாளர் ரகசியம். இங்கே எழுத மாட்டேன். பிளம்பர் வேலை என்று எழுதியதைத் திரும்பப் பெறவும் மாட்டேன்.

அளவி:
அப்படியானால் நானும் கேட்பதை நிறுத்த மாட்டேன். மீட்டரை யார் பார்த்தது?